குறைந்துபோன ஏழு சுற்று

எங்கள் தெருவில் நின்று போன் பேச முடியாது. வீட்டுக்கு வீடு விசைத்தறி. எங்கள் வீட்டுப் பின்கட்டில் மட்டும் எட்டுத் தறி ஓடியது. காலையில் ஓட ஆரம்பித்தால் பொழுதடையும் வரை தடதடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். சோறு வேண்டுமா என்பதைக்கூட நாங்கள் கையால்தான் கேட்டுக்கொள்வோம். எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் குறை சொல்வார். அந்த வீட்டில் பிறந்த பிள்ளை வேறு எப்படி இருக்கும்?

இந்த வீட்டுக்குத்தான் சென்னைக் கம்பெனிக்காரர்கள் இரண்டு தடவை போன் செய்தார்கள். அப்பாவின் தங்கையான என் அத்தை திருநெல்வேலியில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு எங்களோடு இருந்தாள். பரீட்சை எழுதித் தேறிவிட்டாள், போனில் ஒரு நேர்காணல்தான் பாக்கி. முதல் தடவை மொட்டைமாடியில் நின்று பேசினாள். ஃபேக்டரிக்குள் இருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். இரண்டாவது தடவை குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், அங்கும் தறிதான் பேசியது. மூன்றாவது முறை கூப்பிடுவோம், அதுதான் கடைசி என்று சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை, பகல் பதினோரு மணி.

அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. அவர் ராயகிரியில் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். ஆடி மாதம் பெண் பார்க்க மாட்டார்கள். ஆனால் எங்கள் ஊர்க் கோயிலின் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்தித்துக்கொண்டால் யார் என்ன சொல்ல முடியும்? அந்தத் தற்செயலுக்கு இடமும் நேரமும் அப்பா முடிவு செய்துவிட்டார். பிடித்துப்போனால் அங்கேயே பூ வைத்துவிடுவதாகப் பேச்சு.

கல்யாணம் கூடிவர அத்தை ஆடிச்சுற்று சுற்ற வேண்டும் என்று சொன்னதும் அப்பாதான். கொடியேறிய நாளிலிருந்து கோயில் பிரகாரத்தை வேண்டிக்கொண்டவர்கள் சுற்றுவார்கள். சுற்றுகிறவர்களின் கால்வலியை ஒற்றைக்காலில் தபசு நிற்கும் கோமதியம்மன் வாங்கிக்கொள்வாள் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அத்தைக்கு நூற்றியெட்டுச் சுற்று. நாளுக்குப் பன்னிரண்டாக ஒன்பது நாள். எண்ணுவதற்கு நான். ஒரு சுற்று முடிந்தால் ஒரு புளியமுத்தை, அதாவது புளியங்கொட்டையை, என் கவுனின் வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்ற வேண்டும். பத்து வயதில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது.

ஒன்பதாம் நாள்தான் அந்தப் புதன்கிழமை. ஐந்து சுற்று முடிந்தது. அத்தை கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், என் கையைப் பிடித்தாள், விறுவிறுவென்று வெளியே நடந்தாள். "அத்தை, இன்னும் ஏழு இருக்கு" என்றேன். "பொறுட்டி" என்றாள். கோயில் வாசலில் ஒலிபெருக்கி, ராட்டினம், பலூன்காரன் பீப்பி. ரதவீதி தாண்டினால் ஒரு ஏடிஎம். அட்டையைத் தேய்த்தால்தான் கதவு திறக்கிற மாதிரி அறை. அத்தை இடுப்பிலிருந்து ஒரு அட்டையை எடுத்துத் தேய்த்தாள்.

"யார் வந்தாலும் உள்ள விடாத மக்கா. என் வாழ்க்கையே இதுல இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடி முழுக்க விளம்பரம் ஒட்டியிருந்ததால் உள்ளே இருப்பது ஆளா தூணா என்று தெரியாது.

திருவிழாக் காலத்தில் ஏடிஎம்முக்குக் கூட்டம் வராமல் இருக்குமா? முதலில் புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருவர் வந்தார். "மிஷின்ல துட்டு இல்ல அண்ணாச்சி" என்றேன். பிறகு கைக்குழந்தையோடு ஒரு அக்கா வந்தாள். அவளிடமும் அதையே சொன்னேன். பொய் சொல்வது இவ்வளவு சுலபம் என்று அதுவரை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மூன்றாவதாக மொபெட்டில் வந்து இறங்கியவர் என் அப்பா.

"ஏட்டி, இங்கன என்ன செய்யுத? அத்தை எங்க?"

"கோயில்ல சுத்துதா. எனக்குக் கால் வலிக்கின்னு இங்கன நிழல்ல உக்காரச் சொன்னா. மிஷின்ல துட்டு இல்லப்பா."

அப்பா நம்பாமல் கதவருகே போனார். உள்ளேயிருந்து இங்கிலீஷ் கேட்டது. தடங்கல் இல்லாமல், சிரிப்பும் நிதானமுமாக ஒரு குரல். எனக்கே அது யாரோ ஒருத்தியின் குரலாகத்தான் கேட்டது. அத்தையின் குரலை நாங்கள் எந்தக் காலத்தில் தறிச்சத்தம் இல்லாமல் கேட்டிருக்கிறோம்? அப்பா கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று கேட்டார். நான் பைக்குள் கையை விட்டுப் புளியமுத்தை உருட்டிக்கொண்டிருந்தேன்.

"பேங்க் ஆபிசர் போலுக்கு. மிஷினைப் பாக்க வந்திருக்காவ" என்று மெதுவாகச் சொன்னார். "பொம்பளப்பிள்ளை என்னமாப் பேசுதா பாரு. நீயும் இப்படிப் படிக்கணும்." சத்தம் போடாமல் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போய் தூரத்தில் ஸ்டார்ட் செய்தார்.

அத்தை வெளியே வந்தபோது உச்சி வெயில். முகம் வெளுத்திருந்தது. கோயிலுக்குத் திரும்பிப் போனால் நடை சாத்தியிருந்தார்கள். ஏழு புளியமுத்து என் வலது பையிலேயே தங்கிவிட்டது.

வீட்டில் சாப்பிடும்போது அப்பா அந்த பேங்க் ஆபிசரின் புகழைக் கத்திக் கத்திச் சொன்னார். அப்போது பார்த்துக் கரண்ட் போய்த் தறியெல்லாம் நின்றது. அந்த அமைதியில் அம்மா கேட்டாள், "நூத்தியெட்டும் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது" என்றேன். அன்றைய நாலாவது பொய்.

அம்மாவுக்கும் அத்தைக்கும் ஆகவே ஆகாது. குழம்பில் உப்பு கூடினாலும் சண்டை, குறைந்தாலும் சண்டை. அந்த அம்மா வெந்நீர்ச் சட்டியோடு வந்து அத்தையின் காலருகே உட்கார்ந்தாள். பாதத்தைத் தூக்கி இப்படியும் அப்படியும் பார்த்தாள்.

"என்னங்க, இங்க வந்து பாருங்க. கால் எப்படி வீங்கிக் கெடக்குன்னு."

நானும் எட்டிப் பார்த்தேன். கால் வீங்கவே இல்லை. "நல்லாத்தானம்மா இருக்கு" என்று சொல்லி முடிப்பதற்குள் என் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. "போயி உப்பு எடுத்துட்டு வாட்டி!"

நான் அழுதுகொண்டே உப்பு எடுக்கப் போனேன். பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "தபசுக் கூட்டத்துல இவ நொண்டிக்கிட்டு நின்னா, பொண்ணுக்குக் கால்ல கொறைன்னு ராயகிரிக்காரங்க ஊரெல்லாம் சொல்லிருவாவ. ஆவணி பொறக்கட்டும், முறைப்படி வீட்டுக்கு வரட்டும்." அப்பா தலையைச் சொறிந்தார். பிறகு சரி என்றார்.

அம்மாவுக்குக் கண் கெட்டுவிட்டது, கண்ணாடி வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அத்தை அன்று சாயங்காலம் முழுவதும் இடது காலை நொண்டினாள், மறுநாள் மறந்துபோய் வலது காலை நொண்டினாள். அம்மா அடுப்படிக்குள் வந்து முந்தானையிலிருந்து அத்தை கதவில் தேய்த்த அந்த ஏடிஎம் அட்டையை அவிழ்த்து, பருப்பு டப்பாவுக்குள் அது எப்போதும் இருக்கும் இடத்தில் வைத்து மூடியதையும் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான். என் கவலையெல்லாம் ஏழு புளியமுத்தின் மேல் இருந்தது. மறுநாள் பக்கத்து வீட்டு அக்காவோடு போய் அந்த ஏழு சுற்றையும் நானே சுற்றி முடித்தேன்.

ஆவணி பிறப்பதற்கு முன்பே கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். சென்னையாவது, வேலையாவது என்று தறிக்கு மேல் சத்தம் போட்டார். அத்தை பின்கட்டுக்குப் போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தாள். வீடு அமைதியானது.

"அண்ணே, அன்னைக்கு மிஷின் ரூமுக்குள்ள பேசினது நான்தான்."

பாதித் தெருவுக்கு அப்பா அந்தக் குரலைப் பற்றிச் சொல்லி முடித்திருந்தார். இரண்டு நாள் பின்கட்டுத் தறியே கதியென்று கிடந்தார். மூன்றாம் நாள் அவரே போய் சென்னை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவந்தார்.

அத்தை கிளம்பியபோது அம்மா பஸ் ஸ்டாண்டுக்குக்கூட வரவில்லை, வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டாள். எனக்கு அம்மாமேல் அப்படி ஒரு கோபம் வந்தது. நான் சுற்றிய ஏழு சுற்றால்தான் அத்தைக்கு வேலை கிடைத்தது என்று வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பருப்பு டப்பாவுக்குள் இருந்த அட்டையை நினைத்துப் பார்க்க எனக்கு இன்னும் பத்து வருஷம் ஆயிற்று.