திடலில் கால் வைக்காத செல்லையா

பேத்தி பிறந்ததில் செல்லையாவுக்குத் தலைகால் புரியவில்லை. தானா ராத்தா ஆஸ்பத்திரியிலிருந்து மருமகள் மோகனாவும் குழந்தையும் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, தான் ஓட்டும் தேயிலைக் கொழுந்து லோரியை நிறுத்தி நிறுத்தி எல்லாரிடமும் சொன்னார். "பொண்ணு லா! நவராத்திரின்னு பாத்து வந்திருக்கா." கியா பார்ம் சந்தையில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஆள்கூட கைபேசியில் குழந்தையின் படத்தைப் பார்க்காமல் தப்பவில்லை.

ஒரே ஒரு சங்கடம், டாக்டர் சொன்ன தேதிக்கு முன்பே பேத்தி வந்துவிட்டாள். பிள்ளை பிறந்த வீட்டுக்காரர்கள் முப்பது நாள் தீட்டு கழியும்வரை கோயிலை மிதிக்கக் கூடாது. ஒன்பது இரவும் தோட்டமே கோயிலில் கிடக்க, செல்லையா மட்டும் லயத்து வரிசை வீட்டில் மேளச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். நவராத்திரி ஏழாம் நாள் வானம் பார்க்கும் நிகழ்ச்சியைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

அது அவர் செய்த ஏற்பாடு. டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஜலாலின் மகள் ஃபாரா, நட்சத்திரம் பார்க்கும் சங்கம் ஒன்றில் இருக்கிறாள். "பிரிஞ்சாங் டவுன்ல ஒரே வெளிச்சம் அங்கிள். ஒங்க எஸ்டேட் இருட்டுதான் இருட்டு" என்றாள். "எங்க கோயில் திடலுக்கு வாம்மா" என்றார் செல்லையா.

அந்தத் திடலில்தான் வினை இருந்தது. சென்ற வருடம், தேயிலைத் தோட்டம் பார்க்க வருகிறவர்களின் கார்களை அங்கே நிறுத்த நிர்வாகம் நினைத்தது. கூட்டத்தில் செல்லையா எழுந்து நின்றார். "அது கோயில் நெலம் தொர. தீட்டுக்காரன் அதுல காலுகூட வெக்கமாட்டான்" என்று ஒரு போடு போட்டார். உண்மையில் அப்படி யாரும் பார்த்ததில்லை. தீட்டுக்காரர்கள் கோயில் வாசலோடு நின்றுகொள்வார்கள். திடலில் பந்து ஆடுவார்கள், துணி காயப்போடுவார்கள். ஆனால் மேனேஜர் யுவனேஸ்வரன் தாடையைத் தடவிக்கொண்டு, "அப்புறம் பேசலாம்" என்று போய்விட்டார். பேச்சு இன்னும் முடியவில்லை.

ஏழாம் நாள் இருட்டும் நேரத்தில் செல்லையா ஸ்வெட்டரை மாட்டினார்.

"எங்க கெளம்பிட்டீங்க?" அடுப்படியிலிருந்து மனைவி ஜெயா கேட்டாள்.

"வானத்தப் பாக்கத்தான். கோயிலுக்கா போறேன்?"

"தொர வராராம். நீங்க சொன்ன பேச்ச நீங்களே மிதிச்சீங்கன்னா நாளைக்கே கல்லு கொட்டி காரு நிறுத்திருவாங்க."

அறைக்குள் மோகனா சிரித்தாள். "மாமா, பேசாம பாப்பாவத் தூக்கிக்குங்க."

தூக்கிக்கொண்டார். ஜன்னலைத் திறந்து பார்த்தார். எதிர் லயத்துக் கூரை வானத்தை மறைத்தது. பனிக்காற்று வந்தது, ஜெயா வந்து சாத்தினாள். பேத்தியை மோகனாவிடம் கொடுத்தார். கூடத்தில் நடந்தார். அந்தக் கூடத்தில் நடப்பதற்கு என்ன இருக்கிறது? சுவர் வந்துவிடும். "ரோட்டு வரைக்குந்தான்" என்று வெளியே பாய்ந்தார்.

ரோட்டுக்கும் திடலுக்கும் நடுவே சுண்ணாம்பு அடித்த கற்கள். அங்கே நின்றார்.

திடலில் ஃபாராவின் தொலைநோக்கிக்கு முன்னால் நின்ற வரிசையிலிருந்து கொழுந்து வெட்டும் சுப்பன் கத்தினான். "என்னா செல்லையாண்ணே, எல்லைச்சாமி மாரி நிக்கிறீங்க?"

"போடா, வானத்தப் பாரு."

அன்றைக்குத் தெரிவது சனிக் கிரகம் என்று ஃபாரா சொன்னதும் வரிசை கலைந்தது. சனீஸ்வரனுக்கு நேரே நிற்கலாமா? பெண்கள் ஒருக்களித்து நின்று எட்டிப் பார்த்தார்கள். "ஆன்ட்டி, சைடுல நின்னா ஒண்ணும் தெரியாது!" என்று கெஞ்சினாள் ஃபாரா. கடைசியில் சுப்பன்தான் துணிந்து குனிந்தான். "அடேயப்பா! வளையம் போட்டுக்கிட்டு நிக்கிறாருடா!"

பிறகு எல்லாரும் முண்டியடித்தார்கள்.

"அங்கிள், வாங்க! ஒங்களுக்கு வரிசையே வேணாம்!"

"நீ கொஞ்சம் இங்கிட்டு தூக்கிட்டு வர முடியாதாம்மா?"

"இத நகத்துனா மறுபடி சனியப் பிடிக்க நேரமாவும் அங்கிள். பனி வேற எறங்குது."

செல்லையா ரோட்டின் இரு பக்கமும் பார்த்தார். வலது கால் கல்லைத் தாண்டியது. அந்த நேரம் பார்த்து வண்டி வெளிச்சம் விழுந்தது. காலை இழுத்துக்கொண்டார்.

மேனேஜரின் வண்டி திடலுக்குள் நுழைய வளைந்து, செல்லையா பக்கத்தில் நின்றது. "பேத்தி பொறந்திருக்காமே! ஏறுங்க, உள்ள போலாம்."

"நீங்க போங்க தொர. எனக்குத் தீட்டு."

"கோயில் அங்கல்ல இருக்கு? இது வெறும் திடல்தானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், நான்கு எட்டில் சனி. அங்கே இன்னொருத்தி "அம்மாடி!" என்று கூவினாள்.

"திடலும் கோயில்தான் தொர."

"நீங்கதானே இத ஏற்பாடு செஞ்சீங்க? இன்னும் பாக்கவே இல்லியா?"

"முப்பது கழியட்டும் தொர."

யுவனேஸ்வரன் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். வண்டியைப் பின்னுக்கு எடுத்து, ரோட்டோரம் தேயிலைச் செடிகளை ஒட்டி நிறுத்தினார். நடந்து வந்து, கற்களுக்கு இந்தப் பக்கமே சப்பாத்தைக் கழற்றி வைத்தார். அந்தக் குளிரில் வெறுங்காலோடு புல்லில் இறங்கிப் போனார்.

செல்லையாவுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

மலைமேலிருந்து பனி இறங்கி வானத்தை மூடியது. "போச்சு!" என்றாள் ஃபாரா. சுப்பன் ரோட்டுக்கு வந்தான். "ஒண்ணும் பெருசா இல்லண்ணே. கடுகு மாரி இருந்திச்சி."

"பொய் சொல்லாத. நீ கத்துனது லயம் பூரா கேட்டுச்சி."

"வீட்டுக்குப் போலாம் வாங்க. பாப்பா அழுவுதாம், அண்ணி தேடுறாங்க."

"நீ போ." செல்லையா சப்பாத்துகளைக் காட்டினார். லயத்து நாய் ஒன்று அவற்றை மோந்துகொண்டிருந்தது. "தொர வர்ற வரைக்கும் நா நவர முடியாது."