கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு

அமெரிக்காவில் எனக்கு ஒரே ஒரு ஆளைத்தான் தெரியும். அவர் பந்து பிடிப்பவர். அவர் முகத்தை எட்டுத் தடவை நான் துடைத்துவிட்டிருக்கிறேன். அவருக்கு அது தெரியாது.

சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் டச்சிங் பிரிவில் இருந்தேன். டச்சிங் என்றால் படத்தைச் சுத்தம் பண்ணுகிற வேலை. பரு, கீறல், தூசி, தூக்கமில்லாத கண்ணுக்குக் கீழே விழுகிற கருவளையம், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் தேய்த்து எடுக்க வேண்டும். காலண்டரில் வருகிற சாமிக்கும் குழந்தைக்கும் நகைக்கடைப் பெண்ணுக்கும் கன்னம் ஒரே மாதிரி பளபளக்க வேண்டும் என்பது கம்பெனியின் கொள்கை. கூடவே இரண்டு பாயிண்ட் வெளுத்தும் விடுவோம். என் கல்யாண ஆல்பத்தில் என் மனைவியின் பக்கத்தில் நிற்கிற சிவந்த ஆள் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர் படங்கள் என்னிடம் வந்த வருஷத்துக்கு முந்தைய வருஷம் என் தம்பி இறந்துபோனான். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தான். பக்கத்து அறை வெடித்ததில் இவன் மேல் சுவர் விழுந்தது. அந்த வேலைக்கு அவனைச் சொல்லி அனுப்பியது நான். இதை எழுதும்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்போதும் ஆகவில்லை. காரியம் முடிந்த மறுநாள் விருதுநகரில் எப்போதும் ஏறுகிற பஸ்ஸில் ஏறி, எப்போதும் உட்காருகிற சீட்டில் உட்கார்ந்து வேலைக்குப் போனேன். பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் ஏதோ ஒரு சதை கையில் படுமே, அது நம்முடையது என்று தோன்றாதே, மொத்த ஆளும் அப்படி இருந்தேன். பிரிவில் கோமாளி வேலையும் என்னுடையதுதான் என்பதால் வாய் மட்டும் பழக்கத்தில் ஓடியது. எல்லாரும் சிரித்தார்கள். ஆள் தேறிவிட்டான் என்று வீட்டில் போய்ச் சொல்லியிருப்பார்கள்.

ஆடிப்பெருக்கு கழிந்து காலண்டர் சீசன் தொடங்கியபோது, சென்னை ஏஜென்ட் ஒருவர் மூலமாக அந்த ஆர்டர் வந்தது. அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊர்க்காரர்கள், தங்கள் ஊரில் பிறந்து பெரிய ஆட்டக்காரராகி ஓய்வுபெற்ற ஒருவருக்குக் காலண்டர் போடுகிறார்கள். பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு படம். ஜனவரியில் பிறந்து டிசம்பரில் ஓய்வு பெறுவார். ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயர், ஆனால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். பந்தும் உருண்டையாக இல்லை, இளநீரைச் சீவியது போல இருந்தது. ஒருவர் தூரத்திலிருந்து எறிவார், நம் ஆள் ஓடிப்போய்ப் பிடிப்பார், பிடித்ததும் நாலைந்து பேர் அவர் மேல் விழுவார்கள். பிடித்ததற்குத் தண்டனையா என்று கேட்டேன். எங்கள் ஃபோர்மேன் அண்ணாச்சி, "நீ வேலையை ஒழுங்கா முடிச்சா அடுத்த வேலை உன் மேல விழுதுல்ல, அது மாதிரிதாம்லே" என்றார்.

ஒரு பெரிய தாளில் நான்கு மாதம் அச்சாகும். வெட்டும் வசதிக்காக முதல் தாளில் ஜனவரி, ஜூன், ஜூலை, டிசம்பர் என்று அமைந்தது. ஆகவே அவர் வாழ்க்கையை நான் அச்சகத்துக்கு ஏற்ற வரிசையில்தான் தெரிந்துகொண்டேன். பிறந்தார், முழங்கால் உடைந்தது, ஊன்றுகோலோடு நின்றார், ஓய்வு பெற்றார். இரண்டாம் தாளில்தான் பள்ளிக்கூடம் போனார்.

சின்னப் பையனாக இருந்த படங்கள் நான்கு. மீதி எட்டிலும் வளர்ந்த ஆள். எட்டிலும் இரண்டு கண்ணுக்கும் கீழே கன்ன எலும்பின் மேல் கருப்பாக ஒரு தீற்றல். எங்கேயோ விழுந்து எழுந்திருக்கிறார், பாவம், என்று நினைத்துக்கொண்டேன். தோலை மட்டும் வெளுக்கவில்லை. என் கல்யாணப் படத்துக்கு வந்த கதி இவருக்கு வேண்டாம் என்று விட்டுவைத்தேன். கரியை மட்டும் எடுத்தேன். மூன்று நாள். பக்கத்துத் தோலை எடுத்து அதன் மேல் வைத்து, வியர்வைத் துளிகூடக் கலையாமல் தேய்த்தேன். கடைசி மூன்று படத்தில் இடது பக்கக் கரியில் வெள்ளையாகக் கீறல் வேறு இருந்தது. அதையும் சேர்த்து எடுத்தேன். அவ்வளவு நல்ல டச்சிங் அதற்கு முன் நான் செய்ததில்லை. ஏஜென்ட்டுக்குப் புரூஃப் போனது, ஓகே போட்டு அனுப்பினார். கையால் ஆடுகிற கால்பந்து அவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. மூன்று தாளும் அச்சாகி, காய்ந்து, வெட்டுக்குக் காத்திருந்தன. மூன்றாம் நாள் தூத்துக்குடிக்கு லோடு.

லோடுக்கு முன்னால் வாங்குபவர் கொடுத்த பட்டியலை வைத்து, படத்திலும் எழுத்திலும் எண்கள் சரியா என்று டிக் போட வேண்டும். அதையும் என்னிடம் கொடுத்தார்கள். என் இங்கிலீஷ் அச்சக இங்கிலீஷ். எழுத்து உடனே தெரியும், அர்த்தம் அடுத்த பஸ்ஸில் வரும். அக்டோபர் வரைக்கும் டிக் போட்டேன். பட்டியலில் அக்டோபருக்கு நேரே, இடது கண்ணுக்குக் கீழே எண் முப்பத்து நாலு என்று இருந்தது. கண்ணுக்குக் கீழே என்ன எண்? லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நான் போட்ட பளபளப்பான கன்னம் இருந்தது.

அப்போதுதான் படத்துக்கு அடியில் இருந்த எழுத்தை முதல் தடவையாக அர்த்தத்தோடு படித்தேன். விரலை வைத்து, வரி வரியாக. வெயிலிலும் விளக்கிலும் கண் கூசாமல் இருக்க அந்த ஆட்டக்காரர்கள் கண்ணுக்குக் கீழே கருப்பு மை தீட்டிக்கொள்வார்களாம். அண்ணனும் இவரும் வீட்டுக்குப் பின்னால் விளையாடுவார்களாம், அண்ணன் எறிவான், இவர் பிடிப்பார். வேறு யார் எறிந்தும் இவர் பழகவில்லை. அந்த அண்ணன் ஒரு விபத்தில் போய்விட்டான். பள்ளிக்கூடத்தில் அண்ணன் போட்டிருந்த சட்டையின் எண் முப்பத்து நாலு. அதற்கப்புறம் கடைசி ஆட்டம் வரைக்கும் இடது கண்ணுக்குக் கீழே இருக்கிற மையில் அந்த எண்ணை எழுதிக்கொண்டுதான் இவர் இறங்கினார். நவம்பர்ப் படத்தில் பக்கத்தில் அவருடைய அம்மா நிற்கிறார். அவர் கை மகனின் அந்தக் கன்னத்தில் இருக்கிறது. அங்கே ஒன்றுமில்லை. சும்மா கன்னத்தைத் தொடுகிறார்.

உள்ளே எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பயம் என்கிற இலாகா மட்டும் தனியாக, முழு ஊழியர்களோடு வேலை செய்ய ஆரம்பித்தது. கக்கூஸுக்கு மூன்று தடவை போனேன். மூன்றிலும் ஒன்றும் நடக்கவில்லை. யாரோ வாங்கிவைத்திருந்த வடையைத் தின்றேன். திருப்பூரில் மச்சினன் இருக்கிறான், பனியனில் பூப்போடும் வேலைக்குப் போய்விடலாம், பனியனுக்குக் கண்ணுக்குக் கீழே எதுவும் கிடையாது என்று திட்டம் போட்டேன். பிறகு, உலகத்தில் மிச்சமிருக்கும் ஆதாரம் அது ஒன்றுதான் என்பது போல, அக்டோபர் இருந்த மாதிரித் தாளைச் சுருட்டி பேன்ட் காலுக்குள் விட்டுக்கொண்டு வெளியே நடந்தேன். முட்டி மடங்கவில்லை. வாசலில் வாட்ச்மேன் பிடித்துக்கொண்டார்.

"கால்ல என்னண்ணே, விரைச்சுக்கிட்டு வாரீக?"

"முழங்கால் போச்சுண்ணே. ஜூன் மாசம் ஒடஞ்சது."

"நேத்துகூட நல்லாத்தான நடந்தீக?"

"ஜூலைல ஊன்றுகோல் குடுத்தாக."

வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது. டீக்கடை வரைக்கும் நொண்டிப்போய், உட்கார முடியாமல் நின்றபடி டீ குடித்துவிட்டு, நொண்டிக்கொண்டே திரும்பி வந்து ஃபோர்மேன் முன்னால் நின்றேன்.

"அண்ணாச்சி, ஒரு ஆளு மூஞ்சில கரி இருந்தா என்ன செய்வீக?"

"தொடப்பேன்."

"அதைத்தான் நானும் செஞ்சேன்."

பேன்ட்டிலிருந்து அக்டோபரை உருவியதும் அவர் எழுந்து நின்றுவிட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"எம்புட்டுப் பேருக்குலே தொடச்ச?"

"ஒரே ஆளுக்குத்தான். எட்டு மாசத்துக்கு."

"வெயிலுக்குக் கரி பூசுவாகளா? அப்பிடின்னா நம்மூர்ல மொத்தச் சனமும் கரியப் பூசிக்கிட்டில்ல திரியணும்." சிரித்தார். பிறகு எண்ணைப் பற்றிச் சொன்னேன். அண்ணனைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டார். என் தம்பியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு என்னோடு வந்தவர் அவர்.

தாளை மேசையில் விரித்து வைத்தார். "இங்க பாரு. ஏஜென்ட்டே ஓகே போட்டுட்டாரு. நீ டிக்கப் போட்டேன்னா லோடு போயிரும். அங்கன யாராவது கண்டுபிடிச்சாலும் அது ஏஜென்ட் பாடு. சொன்னேன்னா மேனேசர்ட்ட உன் சீட்டு கிழியும், நான் ஒண்ணும் செய்ய முடியாது. யோசிச்சுக்கோ."

யோசிக்கிற அளவுக்கு உள்ளே ஆள் இல்லை. பயம் டிக் போடச் சொன்னது. பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

"அவங்க அம்மா சுவத்துல மாட்டுவாக, அண்ணாச்சி" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மிசின்கள் இருந்த பக்கமாகத் திரும்பி, "பாய்! உங்க மிசின்ல என்ன கெடக்கு?" என்று கத்தினார்.

ஒற்றைக் கலர் மிசினை ஓட்டுகிறவர் பாய். எங்கள் ஊர்க் காலண்டர்களில் படம் முதலில் மொத்தமாக அச்சாகிவிடும். கடைக்காரர் பெயரை அப்புறம் கருப்பில் தனியாக அந்த மிசினில் ஏற்றுவோம். விருதுநகர் வத்தல் மண்டிகளின் பெயரெல்லாம் பாயின் கையால்தான் சாமியின் காலடிக்கு வந்து சேரும்.

"ஜவுளிக்கடை பேரு ஓடுது அண்ணாச்சி. அடுத்து பருப்பு மண்டி."

"நிறுத்துங்க. ஒரு ஆளுக்கு மை வைக்கணும்."

சொல்வதற்கு எளிது. முதலில் மேனேஜரிடம் போக வேண்டியிருந்தது, ஏனென்றால் துடைக்காத படங்கள் இருந்த சி.டி. அவர் பீரோவில் பூட்டியிருந்தது. அவர் பேசியதை அச்சில் ஏற்ற முடியாது. கடைசியில், "சீசன் முடியட்டும், உன்னய வச்சுப் பேசிக்கிறேன்" என்று சாவியை எடுத்தார். அந்த அச்சகத்தை விட்டு நான் வந்து பல வருஷமாகிவிட்டது. அந்தப் பேச்சு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

எட்டு ஜோடி மையையும் திரையில் பெரிதாக்கி, விளிம்பு மாறாமல் வரைந்து எடுத்தேன். எண்ணை மைக்குள் வெற்றிடமாக விட்டால் அது வெள்ளையாக வராது, அடியில் இருக்கிற அவர் தோல் நிறத்தில்தான் வரும். ஃபோர்மேனிடம் சொன்னேன். "தோல்லயே எழுதுன மாதிரி இருக்கும், விடு" என்றார். மூன்று படத்திலும் எண் அவர் கையெழுத்து. டிசம்பரில் அவசரமாகச் சாய்ந்திருந்தது. நவம்பரில் வியர்வையில் நாலின் கால் கலைந்திருந்தது. பதினைந்து வருஷப் பழக்கம், கை சரிசெய்யப் போனது. கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மிசின் ஓடியது. முதல் ஐம்பது தாள் எதுவும் சரியாக உட்காரவில்லை. மை மூக்கில் விழுந்தது. பிறகு உதட்டுக்கு மேலே விழுந்து மீசையானது. மே மாதத்தில் ஒரு கண்ணே காணாமல் போனது. "ஆளு மாறுவேடப் போட்டிக்குப் போறாரோ?" என்றார் பாய், மை பிசுபிசுத்த கையால் தாளை உதறிக்கொண்டே. "ஒரு நூல் மேல ஏத்துங்க பாய்" என்றேன். "ஒரு நூலா, அரை நூலா? இது மூஞ்சி, வயக்காடு இல்ல." அரை நூல் ஏற்றினார். மை கன்ன எலும்பில் போய் உட்கார்ந்தது. நவம்பரில் அம்மாவின் விரல்கள் எண்ணின் ஓரத்தில் இருந்தன. சரியாக இருக்கிறது என்று நான் தலையாட்டினேன். சாயங்காலம் வரைக்கும் மிசின் பக்கத்தில் நின்று தாளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். மூக்கில் பிசகிய தாள்கள் தனியாகக் குவிந்தன. வெட்டி முடித்து, ஏழு மணிக்குக் கட்டு போட்டு லோடு ஏற்றினார்கள்.

நான் அப்படியே பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். பஸ்ஸில் எதிரே இருந்த அம்மாள் என் முகத்தைப் பார்ப்பதும் ஜன்னலைப் பார்ப்பதுமாக வந்தார். காரணம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. சோறு போட வந்த என் அம்மா, "மூஞ்சில என்னடா கரி? கண்ணுக்குக் கீழ" என்று சேலைத் தலைப்பை எடுத்தாள்.

முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "இருக்கட்டும்மா. மிசின் மை."

தலைப்பு அவள் கையிலேயே இருந்தது. "அன்னைக்கு அவனுக்கும் நீதான் தொடச்சியாமே?"

துடைத்தேன்தான். தம்பி உடம்பில் தீக்காயம் இல்லை, முகத்தில் வெடிமருந்துக் கருப்பு மட்டும் அப்பியிருந்தது. இவள் பார்த்தால் தாங்கமாட்டாள் என்று, ஆஸ்பத்திரியில் துண்டை நனைத்து மூன்று தடவை துடைத்தேன். தூங்குகிறவன் மாதிரி ஆக்கித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவளிடம் யாரும் சொல்லவில்லை என்று நினைத்திருந்தேன்.

"ஆமா" என்றேன்.

"எம்பிள்ள எப்பிடி வந்தானோ அப்பிடியே பாத்துருப்பேன்ல."

கோபமாகச் சொல்லவில்லை. உப்பு குறைவு என்பது போலச் சொன்னாள். அதற்கு ஏதாவது வேடிக்கையாகப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், வாய் சும்மா திறந்தே இருந்தது. தம்பி முகத்துக் கருப்பைத் துடைத்து எடுத்தாயிற்று, திரும்ப ஏற்றுவதற்கு எந்த பீரோவிலும் சி.டி. இல்லை. அழுகை வருமென்று கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

"சாப்பிடு, ஆறுது" என்று ரசத்தை ஊற்றினாள். எதிரே உட்கார்ந்து, நான் தின்று முடிக்கிறவரைக்கும் என் கண்ணுக்குக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் கழுவப் போகாமல், இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கித் தின்றேன்.