ஒரே மூட்டையில் இரண்டு மலைக் கொழுந்து

கோத்தகிரியில் எனக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. எதையும் எளிதில் நம்பாத குணமும் இருக்கிறது. வாங்குகிற நாடுகளும் இலங்கை அதிகாரிகளும் பேசி, தேயிலையில் மிஞ்சும் பூச்சிமருந்துக்கு எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே சோதனை என்று ஒப்புக்கொண்டதாகக் கேள்விப்பட்டபோது, ஏட்டுச் சுரைக்காய் என்றுதான் நினைத்தேன். பார்த்துவிடலாம் என்று மார்ச் மாதம் இலங்கைக்குக் கிளம்பினேன்.

ஹட்டனில் காலை 7.10க்குப் பொகவந்தலாவை பேருந்து. கட்டணம் 130 ரூபாய், பயணம் ஒன்றேகால் மணி நேரம். நோர்வூட் தாண்டினால் வளைவுக்கு மேல் வளைவு. பேருந்தில் குமட்டுகிறவர்கள் காலைச் சாப்பாட்டை இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் சொன்னார்கள்; நான் கேட்கவில்லை, அனுபவித்தேன்.

கடைவீதியில் ஆட்டோ பிடித்தேன். 300 ரூபாய்.

"ஜப்பான் மலைக்கா, ஜெர்மன் மலைக்காங்க?" என்றார் ஓட்டுநர்.

கிண்டல் என்று நினைத்தேன். இல்லையாம். நான் பார்க்கப் போன இடத்தில் பன்னிரண்டு குடும்பங்கள் தோட்ட வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தேயிலை செய்கின்றன. அவர்களுக்குத் தலைவி செல்வராணி. அவர்தான் விளக்கினார்.

"போன தடவ அனுப்புனது ஒரு நாட்டுல பாஸாயிருச்சு. அதே தேயில இன்னொரு நாட்டுல இருந்து திரும்பி வந்துருச்சு. ஒரே எலைங்க! அங்க குடிச்சா தேத்தண்ணி, இங்க குடிச்சா வெசமா?"

அதன்பிறகு மலையையே பிரித்துவிட்டார்கள். நாட்டுக்கு நாடு வேறு மருந்து, வேறு மூட்டை. இந்தப் பக்கத்துக் கொழுந்து அந்தப் பக்கத்துக் கூடையில் விழுந்தால் சண்டைதான். இப்போது வந்த பொது அளவோ, இருந்ததிலேயே கறாரானது. அதற்கேற்ப இரண்டு மலைக்கும் மருந்தைக் குறைத்து, இரண்டு தேயிலையையும் கலந்து சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு அன்றைக்குத்தான் வரவேண்டும்.

"இதுவும் போச்சுன்னா மெஷின நிப்பாட்டிட்டு, திரும்பத் தோட்டத்துப் பெரட்டுக்களத்துல போயி, காலைல பேரு குடுத்து வேலைக்கு நிக்க வேண்டியதுதாங்க" என்றார்.

பதினொரு மணி வாக்கில் கொழும்புச் சோதனைக்கூடத்திலிருந்து அழைப்பு. செல்வராணி சிங்களத்தில் "ஹரி, ஹரி", அதாவது சரி சரி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போனை வைத்தவர் வெளியே ஓடி, மலையைப் பார்த்துக் கத்தினார்.

"பாஸுடி! ரெண்டு மலையும் பாஸு!"

மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களிடமிருந்து கிளம்பிய கூச்சலில் ஆட்டோக்காரர் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் தேயிலை இல்லை, என் நாடும் இல்லை. இருந்தாலும் நாங்களே ஜெயித்ததுபோல் இருந்தது. இரு பக்கத்துப் பெண்களும் இறங்கி வந்து, எல்லாக் கூடைகளையும் ஒரே மூட்டையில் கவிழ்த்தார்கள். நாடுகள் கூடிப் பேசினால் என்ன நடக்கும் என்று கேட்பவர்களுக்கு இனி இதைத்தான் சொல்வேன்.

போகிறவர்களுக்கு: மார்ச் நல்ல மாதம், ஆனாலும் ஸ்வெட்டர் வேண்டும். ஹட்டன் திரும்ப மாலை நான்கு மணிக்குள் பேருந்து ஏறிவிடுங்கள். தேயிலையை அவர்களிடமே வாங்குங்கள். பழக்கதோஷத்தில் நான், "இது எந்த நாட்டுக்குச் செய்தது?" என்று கேட்டுவிட்டேன்.

செல்வராணி பொட்டலத்தைக் கையில் வைத்துச் சொன்னார்: "குடிக்கிறவங்களுக்குங்க."