பாட்டரிக்குக் காட்டிய சூடம்

ஆலங்குடிப் பக்கம் எங்கள் ஊருக்கு இன்னும் கரண்டு வரவில்லை. ரேடியோ பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற டவுனுக்குத்தான் போகவேண்டும். அதனால் கிணற்று ஆயில் எஞ்சினோடு பழைய லாரி டைனமோவைப் பெல்ட் போட்டு இணைத்து, நானே சார்ஜ் ஏற்றத் தொடங்கினேன். நான் ஐந்தாவதுதான் படித்தவன். கூச்சத்தால் யாரிடமும் விவரம் கேட்கவில்லை.

ஆயுத பூஜையன்று எஞ்சின் ஓட, இரண்டு பாட்டரிகள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. சூடம் காற்றில் அணையாமலிருக்கக் எஞ்சின் கொட்டகைக் கதவைச் சாத்தினேன். என் மனைவி பாட்டரிக்கு அருகில் சூடத்தட்டைக் காட்டியதும் ஒரு பாட்டரி வெடித்து, திராவகம் அவள் முகத்தில் தெறித்தது.

“கண்ணு எரியுதுங்க, ஒண்ணுந் தெரியலை” என்றாள். அவளை இழுத்துப்போய், எஞ்சின் இறைத்த தண்ணீரில் வெகுநேரம் முகத்தைக் கழுவினேன். உடனே கழுவியதால்தான் கண் தப்பியது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

பிறகு டவுன் மெக்கானிக்கிடம் போனேன். “சார்ஜ் ஏறயில வர்ற வாயு, அடைச்ச கொட்டகையில தங்கி நெருப்பக் கண்டா பத்திக்கிரும். அதுக்குப் போயி சூடம் காட்டுவாங்களாண்ணே?” என்றார்.

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதும், “நம்ம பூசை சாமிக்கே ஆகலைன்னுல்ல நெனச்சேன்” என்று கண்கட்டோடு சிரித்தாள் என் மனைவி.

இப்போது சுவரில்லாத பந்தலில்தான் சார்ஜ் ஏற்றுகிறேன். தெரியாததைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த வருடப் பூஜையில் சூடம் எஞ்சினுக்கு மட்டும்தான், அதுவும் நிறுத்திய பிறகு. தள்ளிவைத்த பாட்டரிகளுக்கு அவளே பொட்டிட்டுப் பூ வைத்தாள்.