சூடு தெரியாத கணுக்கால்

ஏதோ தீய்கிற வாடை வந்தது. டீக்கடை அடுப்பில் பால் பொங்கி வழிந்திருக்கும் என்று நினைத்தேன்.

மார்கழிக் காலை. பாபநாசத்திலிருந்து தனியாக மோட்டார் சைக்கிளில் வடுவூர் ஏரிக்கு வந்திருந்தேன். பறவைகள் கலைந்துவிடக் கூடாதே என்று இன்ஜினை அணைத்துவிட்டு, வண்டியில் உட்கார்ந்தபடியே நாரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளிருக்கு உடம்பு முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தது.

டீக்கடை அக்கா கண்ணாடி கிளாஸோடு கிட்டே வந்து நின்றார். "தம்பி, காலை எடுங்க. சைலன்சர்ல ஒட்டிக்கிட்டிருக்கு."

குனிந்து பார்த்தேன். வலது கணுக்காலின் உட்பக்கம் தோல் வெந்து உரிந்திருந்தது. செருப்பு வாரும் உருகியிருந்தது. எனக்கு வலிக்கவே இல்லை. பயத்துக்கு முன்னால் வந்தது ஆச்சரியம்தான். வேறு யாருடைய காலையோ வேடிக்கை பார்ப்பது போல இருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன். விரலுக்குச் சூடு தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை.

"வலிக்கலையா?" என்றார் அக்கா.

"இல்லக்கா."

"வலிக்காம எப்படிங்க இருக்கும்?"

அந்தக் கேள்விதான் என்னை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனது.

யோசித்துப் பார்த்தால் அறிகுறிகள் முன்பே இருந்தன. முழங்காலுக்குக் கீழே வெளிறிய ஒரு திட்டு; தேமல் என்று விட்டுவிட்டேன். ஒருமுறை கருவேல முள் பாதத்தில் ஏறியதே தெரியாமல் பள்ளிக்கூடம் போய் வகுப்பெடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அதை எங்கள் வீட்டில் பெருமையாகச் சொன்னார்கள். காரணம் அப்பா.

அப்பா பண்ணையில் வேலை பார்த்தவர். கூலிப் போராட்டத்தில் அடி வாங்கியும் வாய்விட்டு ஒரு சத்தம் போடாதவர் என்று ஊரில் பேர். மிராசுதார் தெருவில் எங்கள் ஆட்கள் செருப்புப் போடக்கூடாது என்றிருந்த காலத்தில், வேண்டுமென்றே செருப்புப் போட்டு நடந்தவர்களில் அவரும் ஒருவர். பிறகு நில உச்சவரம்புச் சட்டத்தில் கொஞ்சம் நிலம் கிடைத்தது. அந்த வயலுக்கு வந்தால் மட்டும் செருப்பை வரப்போரம் கழற்றிவிடுவார். சொந்த மண்ணை வெறுங்காலோடுதான் மிதிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். முள் குத்தியும் நான் அசையாததைப் பார்த்து, "என் ரத்தம்டா. கல்லு காலு," என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வலி தெரியாததை வீரம் என்று நினைத்துவிட்டோம்.

மருத்துவர் ஒரு பெண்மணி, சிரிக்காமல் கேலி பேசுகிறவர். கண்ணை மூடச் சொன்னார். "பஞ்சு படற இடத்தை விரல் வச்சுக் காட்டுங்க சார்."

மூடிக்கொண்டு காத்திருந்தேன். வெகுநேரமாக ஒன்றும் நடக்கவில்லை. "எப்ப ஆரம்பிப்பீங்க டாக்டர்?" என்றேன்.

"முடிச்சுட்டேங்க," என்றார்.

தொழுநோய் (தோலையும் நரம்பையும் மெல்லத் தாக்கும் கிருமி நோய்) என்று அவர் சொன்னபோது, வெளியே பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருப்பதுதான் என் நினைவுக்கு வந்தது. மருந்து ஆரம்பித்துவிட்டால் யாருக்கும் ஒட்டாது, கூட்டு மருந்தில் (கிருமியைப் பல பக்கமும் அடிக்கும் மாத்திரைகள்) முழுக்கக் குணமாகும் என்றார்.

"உணர்ச்சி திரும்புமா?"

"கிருமி போயிடும். செத்த நரம்பு திரும்பும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். இந்தக் கால் நிலைக்கறது இனி உங்க கண்ணுல இருக்கு. தினமும் பாருங்க. வெறுங்காலோட எங்கயும் இறங்காதீங்க. வயலையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

பார்க்காமல் விட்ட சின்னப் புண் எலும்புவரை போய்ப் பாதத்தை எடுக்க நேர்ந்தவர்களை அந்த மருத்துவமனை வார்டிலேயே பார்த்தேன். அன்று உண்மையாகவே பயந்தேன்.

மாதாமாதம் நர்ஸ் முன்னால் விழுங்கும் மாத்திரையில் சிறுநீர் சிவப்பாகப் போகும். பதற வேண்டாம், மருந்தின் நிறம்தான். ஆறு மாதத்தில் சிகிச்சை முடிந்தது. பள்ளியில் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது எழுதுவதுதான் முதல்முறை. உங்கள் உடம்பிலும் உணர்ச்சியில்லாத ஒரு திட்டு இருந்தால், என்னைப் போலப் பெருமைப்பட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

சம்பா நடவு வந்தது. முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸோடு வரப்பில் நின்றேன். இறங்க மனம் வரவில்லை. அப்பா என் காலையும் சேற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இறங்குடா."

"பூட்ஸோடயாப்பா?"

"அந்த மிராசுதார் தெருவுல எதுக்குச் செருப்புப் போட்டேன்? நம்ம காலும் காலுதான்னு காட்டத்தானே? இங்கயும் அதுக்குத்தான். இறங்கு."

இறங்கினேன். சேறு பூட்ஸைக் கவ்விக்கொண்டு விட மறுத்தது. "வாத்தியாரு நாத்து நடறாரா, பூட்ஸ நடறாரா?" என்று நடவுப் பெண்கள் கேட்டார்கள். அப்பாவும் சிரித்துவிட்டார்.

அடுத்த மார்கழியில் மறுபடியும் தனியாக ஏரிக்குக் கிளம்பினேன். இந்த முறை கனமான ஷூ, சாக்ஸ். அங்கங்கே நிறுத்தி, கழற்றி, காலைப் பார்த்தேன். முன்பு ஒரே மூச்சில் கடந்த சாலை இப்போது நீண்டுகொண்டே போனது. நிறுத்திய இடங்களில் எல்லாம் ஏதாவது இருந்தது: வாய்க்கால் மதகில் காத்திருக்கும் கொக்கு, பனியில் நனைந்த சிலந்தி வலை. எனக்கு அவசரம் போய்விட்டிருந்தது. ஏரிக்கரையில் இடது பாதத்தில் குளிர் ஏறியது. வலது பாதத்துக்கு மார்கழி வரவில்லை. அது என்ன காலத்தில் இருக்கிறது என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வீடு திரும்பியபோது அப்பா வாசலில் நின்றிருந்தார்.

"காலு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்குப்பா."

"அதை உன்கிட்ட கேட்டு என்ன பண்றது? பாத்தியா?"

"வழியெல்லாம் பாத்தேன்."

"எங்க, காட்டு."

படியில் உட்காரவைத்து, ஷூவைக் கழற்றி, பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார். பழைய தழும்பின்மேல் அவர் கை இருந்தது. அது எனக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.