குனிந்து காட்டியவர்

எண்பதுகளில், நான் ராணுவ டாக்டராக இருந்தபோது, இருபது சதவீதம் என்ற கணக்கு பிசாசு மாதிரி என்னைப் பிடித்து ஆட்டியது. பட்டாளத்தில் அடிபட்டு வெளியே வந்தவருக்கு ஊனம் இருபது சதவீதம் இருந்தால் ஊனப் பென்ஷன் உண்டு. அதற்குக் கீழே போனால் கைவிரிப்புதான். சில வருடங்களுக்கு ஒருமுறை அவரை வரவழைத்து, ஊனம் அப்படியே இருக்கிறதா, குறைந்துவிட்டதா என்று மூன்று டாக்டர்கள் பார்ப்போம். டெல்லியில் அப்படி ஒரு மெடிக்கல் போர்டில் நான் மூன்றாவது ஆள். மேஜர் என்று பெயர், சொன்னால் கேட்பாரில்லை. கால் போனவர்கள் விஷயத்தில் சண்டையே வராது, போன கால் முளைத்துவிட்டது என்று எவரும் எழுத முடியாதல்லவா? முதுகு போனவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். வலி எந்த எக்ஸ்ரேயிலும் விழாது.

அந்த ஹவில்தார் திருநெல்வேலிக்காரர். மலைப்பாதையில் லாரி உருண்டு முதுகெலும்பு நொறுங்கி, வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். மனைவி நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனையில் எனக்குப் பழக்கம். போர்டுக்கு அழைப்பு வந்ததும் அவரைக் கூட்டிக்கொண்டு, ஜனக்புரியிலிருந்து ஆட்டோ பிடித்து, லக்ஷ்மிபாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டாள்.

“நான் டூட்டிக்குப் போற நேரம் அவுகளத் தூக்கி விட, குளிப்பாட்ட ஒரு ஆளு வச்சிருக்கேன் டாக்டரம்மா. பென்ஷன் நின்னுட்டுன்னா அந்த ஆள நிறுத்தணும். வேலைய விட்டுட்டு நான் வீட்டுலயா இருக்க முடியும்? இவுக வாயத் தொறந்து வலிக்குன்னு சொல்லவே மாட்டாவ. நீங்க சொன்னாக் கேப்பாவ.”

அவர் நாற்காலி நுனியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

“வலிச்சா வலிக்குதுன்னு சொல்லணும். முடியலைன்னா அங்கேயே நிறுத்திடணும். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க” என்றேன்.

“சரி மேடம்” என்றார். நானும் நம்பினேன்.

போர்டு கூடிய அன்று காலையில் அதன் தலைவரான கர்னலிடம், வருகிறவர் எனக்குத் தெரிந்தவர் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். மறைக்க எனக்குப் பிடிக்காது. ஹவில்தார் உள்ளே வந்தார். மழமழவென்று சவரம், கோட்டில் மெடல்கள், பளபளக்கும் ஷூ. அந்த ஷூவை மாட்டிவிட்டது யார் என்று எனக்குத் தெரியும், கர்னலுக்குத் தெரியாது. கர்னல் கெட்டவரில்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்தாவது ஆறியிருப்பேன்.

“கைஸே ஹோ, ஜவான்?”

“பில்குல் டீக், சாப்!” அறையே அதிர்ந்தது.

ஒரு குறையும் இல்லையாம். குனிந்து காலைத் தொடச் சொன்னார் கர்னல். அவர் குரலில் எதுவும் உத்தரவாகத்தான் வரும். ஹவில்தார் குனிந்தார். கழுத்து நரம்பு புடைக்கப் புடைக்கக் குனிந்து, ஷூவின் முனையை விரலால் தொட்டு, நிமிரச் சொல்லும்வரை அப்படியே நின்றார்.

“ஷாபாஷ்!” என்றார் கர்னல்.

ஹவில்தாரை வெளியே அனுப்பியதும் நான் கர்னலைப் பிடித்துக்கொண்டேன். “சார், அந்த முகத்தில் வழிந்த வியர்வையைப் பார்த்தீர்களா? இந்த ஜனவரிக் குளிரில் யாருக்கு வியர்க்கும்?”

“தெரிந்தவர் என்பதால் உருகுகிறீர்கள், மேஜர். விரல் தொட்டதை நீங்களும்தானே பார்த்தீர்கள்?”

பார்த்தேன். இன்னொரு டாக்டர் கர்னலுக்குத் தலையாட்டினார். ஊனம் இருபதுக்குக் கீழே போயிற்று. நான் மாறுபட்டு எழுதியதை, மேலிடத்தில் ஹவில்தாரைக் கண்ணாலும் காணாத ஒரு டாக்டர் படித்துவிட்டுக் கர்னல் பக்கம் சாய்ந்தார். பின்னால் அப்பீல் போட்டும் பலனில்லை. ஒரு மனிதனை வருடக்கணக்காக வலியை வெளியே காட்டாதே என்று பழக்கிவிட்டு, ஒரு நாள் காலையில் கூப்பிட்டு வலியைக் காட்டு என்றால் அவன் எங்கே போவான்? அதற்குப் பிறகும் பல வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். எவருக்கும் என்னால் நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை மட்டும் திரும்பவே இல்லை.

அன்று நான் வராந்தாவுக்கு வந்தபோது ஹவில்தார் சுவரில் சாய்ந்து பாதி வளைந்து கிடந்தார். மனைவி அக்குளில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்த்ததும் நிமிரப் பார்த்தார். முடியவில்லை.

“மேடம், நான் பாஸ் ஆயிட்டேம்லா?” என்றார். “பட்டாளத்துல ஒரு மெடிக்கல்லயும் நான் ஃபெயிலானது கெடையாது, பாத்துக்கிடுங்க.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

“பாஸ்தான்” என்றேன்.

அவர் அந்த வலியிலும் சிரித்தார்.