சைக்கிளை விட்டு இறங்கும் சட்டம்

மணியோடு வந்த வழக்கு

வேலாயுதம் எங்கள் சங்கத்துக்குள் சைக்கிளோடுதான் வந்தான்.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் சங்க அறை ஒரு சரிவான சந்தின் கீழ்க்கோடியில், மாவு மில்லுக்கு அடுத்தாற்போல் இருந்தது. மனுக் குழு கூடியிருந்த நேரம். தெருவில் ஒரு சைக்கிள் மணி விடாமல் அடித்தது. அடித்துக்கொண்டே நெருங்கி வந்தது, வாசல் நிலையைத் தாண்டி உள்ளே வந்தது, செயலாளர் கனகசபை கிராணியின் மேசையில் முட்டி நின்றது. மைக்கூடு கவிழ்ந்து அன்றைக்கு எழுதிய மனு முழுக்க நீலமாகிவிட்டது. கீழே கிடந்த ஆள் எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, "இங்கதான் மனு எழுதிக் குடுப்பாங்களா?" என்று கேட்டான்.

கிள்ளானிலிருந்து வெயிலில் மிதித்து வந்தவன், தலை சுற்றி விழுந்துவிட்டான் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தோம்.

இப்போது சங்கங்களில் வேலை பார்க்கிற பெண்கள் வந்து, அந்தக் காலத்தில் மனுக் குழுவை எப்படி நடத்தினீர்கள் என்று கேட்கிறார்கள். எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள். நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். நிதானமாகத்தான் எழுதுவேன், நீங்களும் நிதானமாகப் படியுங்கள்.

ஜப்பான்காரன் மலாய் நாட்டுக்குள் வருவதற்கு முந்திய வருஷங்கள் அவை. என் வீட்டுக்காரர் ரயில் எஞ்சினில் ஃபயர்மேன். மனிதனுக்கு மனிதன் என்ற மரியாதை கிடைக்கவேண்டும், அதற்கு விரோதமான சட்டம் எதுவானாலும் போய்க் கேட்கவேண்டும், இதுதான் சங்கத்தின் வேலை. கேட்கப் போகிற குழுவுக்கு நான் தலைவி. யாரும் பாவம் பார்த்து என்னை உட்காரவைக்கவில்லை. நாங்கள் குடியிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு ஆண்கள் பலமுறை போய் வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். நான் ஒரே முறை போனேன், ஆபீஸ் வராந்தாவில் பாயை விரித்துப் படுத்தேன். குழாய் வந்தது. அதற்குப் பிறகு யார் தலைமை என்ற பேச்சே எழவில்லை.

வேலாயுதத்தின் வழக்கு இது. அவன் கிள்ளான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் இறக்குகிறவன். அந்தக் காலத்தில் துரை எதிரே வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கி ஓரமாக நிற்கவேண்டும். எந்தக் காகிதத்திலும் அது கிடையாது, ஆனால் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. வேலாயுதம் இறங்கவில்லை. அது போதாதென்று துரையைப் பார்த்து மணி வேறு அடித்திருக்கிறான். துரை அவனை வேலையை விட்டு நீக்கி, மாத முடிவில் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார். பெண்சாதி ஏழு மாதக் கர்ப்பிணி.

கனகசபை கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா வேலை. உரிமை என்ற சொல்லைக் கேட்டால் அவருக்குச் சாப்பாடு வேண்டாம். மை வடிகிற மேசையைக்கூட மறந்து எழுந்து நின்றார்.

"அக்கா, இவன் சாதாரண ஆள் இல்லை. இவ்வளவு காலமும் எங்கட சனத்திலை ஒருத்தனும் செய்யாததை இவன் செய்து போட்டான். இறங்கேல்லை. மணியும் அடிச்சிருக்கிறான்."

வேலாயுதம் தலையைக் குனிந்துகொண்டான். கிராணி அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

பெண்சாதியிடம் கேட்டது

அடுத்த வாரத்துக்குள் கிராணி இரண்டு கூட்டம் போட்டுவிட்டார். இரண்டிலும் வேலாயுதத்துக்கு மாலை விழுந்தது. "துரைக்கு மணி அடித்த தமிழன்" என்று பேசினார். கைதட்டல் ஓயவில்லை.

என்னுடைய வழக்கம் வேறு. ஒருவனுக்காக மனு எழுதுவதற்கு முன் அவன் பெண்சாதியிடம் பேசாமல் எதிலும் கைவைக்க மாட்டேன். ஆண்கள் நடந்ததைச் சொல்வார்கள், பெண்கள் ஏன் நடந்தது என்பதைச் சொல்வார்கள். குழுவில் எனக்கு வலது கை தையல்நாயகி. குவார்ட்டர்ஸில் இடியப்பம் விற்கிறவள், அவள் குரலுக்கு ரயில் விசில் தோற்கும். இருவரும் ரயிலேறி கிள்ளானுக்குப் போய், லயத்தில் அஞ்சலையைக் கண்டோம். அவள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

உன் புருஷன் பெரிய காரியம் செய்திருக்கிறான் என்று தையல்நாயகி ஆரம்பித்தாள். அஞ்சலை அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னா பெரிய காரியம்? சைக்கிளுக்குப் பிரேக்கு இல்லக்கா. பிரேக்கு போடுங்க, பிரேக்கு போடுங்கன்னு தலையா அடிச்சுக்கிட்டேன். அதுக்கு வெச்சிருந்த காச எடுத்துட்டுப் போயி மணி வாங்கிட்டு வந்து மாட்டுறாரு. கேட்டா, சத்தம் கேட்டு எதிர்ல வர்றவன் ஒதுங்கிக்குவான்ங்கிறாரு."

"தொரையுமா ஒதுங்குவாரு?" என்றாள் தையல்நாயகி.

"அத நீங்களே கேளுங்க."

அவன் சங்கத்துக்குள் வந்த விதம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. திரும்பி வருகிற ரயிலில் தையல்நாயகி சிரித்துச் சிரித்து, இருமல் வந்து, டிக்கெட் பரிசோதகர் தண்ணீர் கொண்டுவரும்படி ஆனது.

கிராணியிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிரேக் இல்லை என்று சொன்னால் துரை மன்னித்துவிடுவார், வேலை திரும்பக் கிடைக்கும், ஆனால் சட்டம் அப்படியே இருக்கும் என்றார். உரிமைக்காகத்தான் இறங்கவில்லை என்று சொன்னால் சட்டத்தோடு மோதலாம், ஆனால் வீடு போய்விடும். அவர் சொன்னதில் தப்பில்லை.

"எனக்கு ரெண்டும் வேணும் கிராணியாரே. முதல்ல வீடு" என்றேன். தொழிலாளர் வழக்குகளை விசாரிக்கிற லேபர் ஆபீஸில் உண்மையைச் சொல்லும்படி வேலாயுதத்திடமும் சொல்லி வைத்தேன்.

லேபர் ஆபீஸ்

லேபர் ஆபீசரும் வெள்ளைக்காரர்தான். ஆனால் தமிழ் படித்தவர். யார் கற்றுக்கொடுத்தார்களோ, புத்தகத்தில் அச்சடித்த மாதிரியே பேசுவார். எங்களைக் கண்டதும் எழுந்து, "அம்மணிகளே, தாங்கள் அமரலாம்" என்றார். தையல்நாயகி பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று.

எதிர்ப்பக்கம் தோட்டத்துத் துரை, முகம் சிவக்க உட்கார்ந்திருந்தார். கிராணி இங்கிலீஷில் ஒரு மூச்சுப் பேசி முடித்தார். ஆபீசர் வேலாயுதத்தைப் பார்த்து, நடந்ததை அஞ்சாமல் கூறுமாறு சொன்னார்.

வேலாயுதம் துரையைப் பார்த்தான். நான் சொல்லிக்கொடுத்ததும் கிராணி சொல்லிக்கொடுத்ததும் அவனுக்குள் ஒன்றாகக் குழம்பிவிட்டன. கடைசியில், "மணி அடிச்சேன் தொரை" என்றான். பிரேக் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

துரை மேசையைக் குத்தினார். இறங்காததைக்கூட விட்டுவிடலாம், அந்த மணியைத்தான் பொறுக்க முடியாது என்பது அவருடைய வாதம். கேஸ் கையை விட்டுப் போகிறது, இனி பிரேக்கைப் பற்றி நான் சொன்னாலும் சாக்கு என்பார்கள் என்று தெரிந்து நான் எழுந்தேன். இவன் இனிமேல் சட்டப்படி நடப்பான், ஆனால் அந்தச் சட்டம் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். ஆபீசர் துரையைப் பார்த்தார். எங்கும் எழுதவில்லை, எல்லாருக்கும் தெரியும் என்றார் துரை.

"தெரியும்னா எப்படிங்க? எப்ப எறங்கணும், எவ்வளவு நேரம் நிக்கணும், எல்லாத்தையும் ஒரு போர்டுல எழுதி வெச்சிடச் சொல்லுங்க. அப்புறம் எவனும் தெரியாதுன்னு சொல்ல முடியாது பாருங்க."

துரைக்கு அது மிகவும் பிடித்துப்போனது. அப்போதே எல்லாம் எனக்குத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். எழுதாத சட்டம் புகை மாதிரி, கையில் பிடிக்க முடியாது. எழுதிவிட்டால் அதன் மேல் ஏறி உட்காரலாம். அது மட்டும் தெரியும். ஆபீசர் முடிவு சொன்னார். வேலாயுதத்துக்கு வேலையும் வீடும் திரும்பக் கிடைக்கும், இன்னொரு முறை இறங்காவிட்டால் இரண்டும் போகும். வெளியே வந்ததும் கிராணி தோற்றுப்போனோம் என்றார். போர்டு வரட்டும் என்றேன்.

போர்டு வந்தது. பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து. "தோட்டச் சாலையில் சைக்கிளில் வருவோர் துரையைக் கண்டவுடன் இறங்கி, துரை கடந்து போகும்வரை அசையாமல் நிற்க வேண்டும்." நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். எங்கே நிற்கவேண்டும் என்பதை எழுத மறந்திருந்தார்கள்.

திருவிழா

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வெளியாட்கள் வரலாம், துரையும் வந்து மாலை வாங்கிக்கொள்வார். அந்த வருஷம் லேபர் ஆபீசரையும் அழைத்திருந்தார். லயங்கள் மேட்டில் இருந்தன, கோயில் அதற்குக் கீழே. போகிற செம்மண் சாலை ஒரு காரும் ஒரு ஆடும் ஒதுங்குகிற அகலம், இரண்டு பக்கமும் சாக்கடை.

நான் ரயில்வே ஆட்களைச் சைக்கிளோடு வரச்சொன்னேன். தோட்டத்துச் சைக்கிள்களும் சேர்ந்துகொண்டன. எல்லாருக்கும் ஒரே கட்டளை. போர்டில் உள்ளதைச் செய்யுங்கள், அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம், கோஷம் வேண்டாம், சிரிப்பு வேண்டாம். சிரிக்கிறவன் வீட்டுக்கு இனிமேல் இடியப்பம் கிடையாது என்று தையல்நாயகியும் அறிவித்துவிட்டாள். அவளும் யாரிடமோ ஒரு சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு நின்றாள். உனக்கு ஓட்டத் தெரியாதே என்றேன்.

"ஏறத்தான் தெரியாது. எறங்கத் தெரியும்" என்றாள். இரண்டு பேர் பிடித்து அவளை ஏற்றிவைத்தார்கள்.

வேலாயுதத்தை மட்டும் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்று சொல்லியிருந்தேன். அவனுக்கு இருந்தது ஒரே வாய்ப்பு, அதையும் விடக் கூடாது.

துரையின் கார் வளைவில் தெரிந்தது. மேலே மூடியில்லாத கார், துரையும் ஆபீசரும் பின்னால். எங்கள் ஆட்கள் இறங்கினார்கள், இருந்த இடத்திலேயே. சாலை முழுக்கச் சைக்கிள், சைக்கிள் பக்கத்தில் ஆள், ஆள் அசையவில்லை. தையல்நாயகி எல்லாருக்கும் முன்னால் மிக அழகாக இறங்கினாள். மலாய்க்கார டிரைவர் ஹாரன் அடித்தார், பிறகு அதையும் நிறுத்திவிட்டார். துரை எழுந்து நின்றார்.

"ஏன் நிக்கிது? ஏறு. போ."

நான் முன்னால் போய்க் கும்பிட்டேன்.

"நீங்க கடந்து போறவரைக்கும் அசையக் கூடாதுன்னு போட்டிருக்குங்க தொரை. நீங்க போங்க, ஒடனே ஏறிக்கிறோம்."

"நீ நிக்கிது, கார் எப்படிப் போகுது?"

"அது போர்டுல போடலீங்களே."

ஆபீசர் காரிலிருந்தபடியே சாலை ஓரத்தில் நட்டிருந்த பலகையை ஒருமுறை வாசித்தார். "இவ்விதியின்படி இன்று எவரும் எங்கும் செல்ல இயலாது போலும்" என்றார். ஒருவனும் சிரிக்கவில்லை. இடியப்பத்தின் மேல் அவ்வளவு ஆசை.

அப்போதுதான் மேட்டின் உச்சியில் மணி கேட்டது.

சங்கத்தில் கேட்ட அதே மணி. நமக்காக வந்த சனம் வெயிலில் நிற்க நான் வீட்டுக்குள் குந்தியிருப்பதா என்று வேலாயுதத்துக்குத் தோன்றியதாம், பிறகு சொன்னான். மணி வேகமாக இறங்கி வந்தது. அசையாமல் நின்ற ஆட்கள் திரும்பிப் பார்த்து, ஒருவர் விடாமல் அசைந்தார்கள். சாலை நடுவில் நேராக ஒரு வழி திறந்தது. அந்த வழியின் முடிவில் கார். டிரைவர் கதவைத் திறந்து குதித்தார். துரை ஒரு கணம் பார்த்துவிட்டு, காரை விட்டு இறங்கிச் சாக்கடையில் நின்றார். வேலாயுதம் காரின் மூக்கில் மோதி, பானெட்டில் குப்புற விழுந்தான். கை மட்டும் இன்னும் மணியை அடித்துக்கொண்டிருந்தது.

அந்தத் தோட்டத்தில் ஒரு சைக்கிளுக்காகத் துரை இறங்கி நின்றது அதுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அஞ்சலை கட்டிவைத்த மூட்டைதான் கண்ணில் நின்றது.

ஆபீசர் காரை விட்டு அசையவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நீ ஏன் இறங்கவில்லை என்று கேட்டார்.

"பிரேக்கு இல்லீங்க தொரை."

"அன்று?"

"அன்னைக்கும் இல்லீங்க."

முழங்கால் வரை சேற்றில் நின்ற துரை அவனையே பார்த்தார். "மணி?" என்றார்.

"பிரேக்கு இல்லாததாலதாங்க மணி. தொரை ஒதுங்கிக்குவீங்கன்னு நெனச்சேன்."

என் பக்கத்தில் நின்ற கிராணி கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் துரையின் முகத்தில் இருந்த கோபம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இத்தனை நாளும் ஒரு கூலி தன்னைக் கேலி செய்தான் என்று தூங்காமல் இருந்த மனிதர் அவர். கேலி இல்லை என்று தெரிந்ததும் அவருக்கே ஒரு நிம்மதி. ஆபீசர் முதலில் சிரித்தார். பிறகு துரையும் சிரித்தார். அதற்குப் பிறகு இடியப்பத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

மாலை வாங்கிக்கொள்ளும்போதே துரை சொல்லிவிட்டார். வேலாயுதம் வீட்டில் இருக்கலாம், பிரேக் போடவேண்டும். அடுத்த வாரம் அதே பலகையில் பழைய எழுத்தை அழித்து, "பிரேக் இல்லாத சைக்கிள் இச்சாலையில் வரக் கூடாது" என்று எழுதினார்கள். பழைய சட்டம் என்ன ஆயிற்று என்று நான் லேபர் ஆபீஸில் போய்க் கேட்டேன்.

"அம்மணி, ஒரு பலகையில் இரண்டு விதிகளுக்கு இடமில்லை" என்றார் ஆபீசர். துரையிடமும் அப்படியே சொல்லியிருக்கிறார். அந்தத் தோட்டத்தில் அதற்குப் பிறகு யாரும் இறங்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துத் துரையிடம் போய் நீங்களும் போர்டு வையுங்கள் என்று கேட்டோம். அவர் கேள்விப்பட்டிருப்பார், மறுத்துவிட்டார். அங்கே வேறு வழி பார்க்கவேண்டியிருந்தது.

கற்றது

வருஷ அறிக்கையில் கிராணி அந்தப் புதிய விதியைச் சங்கத்தின் முயற்சியால் வந்ததென்று எழுதினார். பொய் இல்லை.

நான் கற்றதைச் சொல்கிறேன். ஒரு மனிதனைக் கொடியாக்கி உயரத் தூக்குவதற்கு முன், அவன் வீட்டுக்குப் போய் என்ன நடந்தது என்று கேளுங்கள். சட்டம் முக்கியம்தான். ஆனால் தூக்கிய கொடி வீடில்லாமல் தெருவில் நின்றால் யாருக்கும் நல்லதில்லை.

அஞ்சலைக்கு அந்த லயத்து வீட்டிலேயே பெண் பிறந்தது. வேலாயுதம் பிரேக் போட்டுக்கொண்டு வந்து, இனி இது எதற்கு என்று மணியைக் கழற்றிச் சங்கத்துக்குக் கொடுத்தான். கூட்டத்தில் யாராவது அளவுக்கு மேல் பேசினால் அதை அடிப்பேன். கனகசபை கிராணி பேசும்போதுதான் அதிகம் அடித்திருக்கிறேன்.